ஒரு கையெழுத்தும் பன்னிரண்டு நாள் திருச்சியும்

இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமம். தாய்க்கு 34 வயது, மகளுக்கு 9. ஊரின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். பெண்களின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கிற எனக்கு இதைவிடக் கொடுமையான கதைகள் தெரியும். ஆனாலும் இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. 2024 தை மாதம் அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டது ஒரே ஒரு விடயம்: "பிள்ளையோட ரெண்டு கிழமை இந்தியாவுக்குப் போய் வரோணும் மிஸ், என்ன கடிதம் தேவை?" பதில் கிடைக்க பதினைந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதமாவது என்னுடைய பிழையால் போனது.

பின்னணி

திருமணம் 2013 இல் பதிவாகியது. வன்னியில் இதையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது, யுத்த காலத்துக் கலியாணங்களில் பதிவில்லாதவை இன்னும் எத்தனையோ இருக்கின்றன. கணவர் மணல் ஏற்றும் ரிப்பர் லொறியின் சாரதி. அடி தொடங்கியது 2014 இல், அவர் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது. அடியைவிட அவரை அதிகம் முடக்கியது வேறு ஒன்று. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், போன் எல்லாம் கணவரின் பெட்டிக்குள். கடைக்குப் போவதென்றாலும் கேட்டுத்தான் போக வேண்டும்.

2022 இன் நடுப்பகுதியில் டீசல் இல்லாமல் ரிப்பர்கள் வீதியோரம் நின்றன. மனுசன் முழுநாளும் வீட்டில். "வேலையில்லாத விரக்தி" என்று அயலவர்கள் பிறகு என்னிடம் விளங்கப்படுத்தினார்கள். நான் அதை ஏற்கவில்லை. வேலை நிறைய இருந்த காலத்திலும் அடித்தவர்தான். டீசல் தட்டுப்பாடு அவருக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனி மாதம் ஒரு விடியற்காலை, பிள்ளையைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு 11 கிலோமீற்றர் மிதித்துத் தாய் வீட்டுக்கு வந்தார். பையில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சுகாதார அட்டை, இரண்டு சட்டை. தன்னுடைய அடையாள அட்டையை எடுக்க முடியவில்லை.

முதலில் போன இடத்தில் "குடும்பப் பிரச்சினைதானே, கதைச்சுப் பாருங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு சட்டத்தரணியின் உதவியோடு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை. அந்தச் சட்டத்தில் ஒரு கட்டளையின் ஆகக்கூடிய காலம் அதுதான். கணவரிடம் பராமரிப்புச் செலவு கேட்கும் தாபரிப்பு வழக்கும் போட்டார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பிள்ளை பாட்டியோடு நின்றாள். 2023 ஆடியில் கட்டளை முடிந்தது. ஒரு வருடமாகக் கரைச்சல் இல்லையென்பதால் புதிதாகக் கேட்கவில்லை. கரைச்சல் இல்லாமல் இருந்ததே அந்தக் கட்டளையால்தான் என்பதை நானும் அப்போது அவருக்குச் சொல்லவில்லை.

ஏன் இந்தியா

அக்கா ஒருவர் இருக்கிறார். 2010 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியில் வந்த கையோடு ஐரோப்பாவுக்குப் போனவர். அகதி அந்தஸ்தில் இருப்பவர் தப்பி வந்த நாட்டுக்கே விடுமுறைக்குப் போனால் அந்த அந்தஸ்துக்கே பங்கம் வரும். அதனால் எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. அங்கிருந்து அவர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ வருவார்கள், இங்கிருந்து இவர்கள் போவார்கள். கலியாணம்கூட அப்படி நடக்கும். வாடகை வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் பிரிவார்கள். இந்தச் சகோதரிகள் முகம் பார்த்துப் பதினான்கு வருடம்.

கிராம அலுவலரிடம் கடிதத்துக்குப் போனபோது அவர் கேட்டது, "குவைத்துக்கோ?" தனியே ஒரு பெண் பாஸ்போட் எடுக்கிறாள் என்றால் வேலைக்குத்தான் என்பது ஊரின் கணக்கு. அக்காவைப் பார்க்க, பிள்ளைக்குக் கோயில் காட்ட, சும்மா ஊர் சுற்ற என்று சொன்னால் நம்ப ஆளில்லை. அடிவாங்கி வெளியேறியவள் வழக்குப் பேசலாம், வேலைக்குப் போகலாம். விடுமுறைக்குப் போவது மட்டும் எல்லாருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் பிழை

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. பிள்ளையின் பொறுப்பு ஒருவரிடம் என்று நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் உறுதிப்படுத்திய பிரதி போதும். அவரிடம் பாதுகாப்புக் கட்டளையும் தாபரிப்புக் கட்டளையும் இருந்தன. பிள்ளையின் பொறுப்புப் பற்றிய கட்டளை இல்லை. பிள்ளை தன்னிடம்தானே இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சுருக்கு வழி பார்த்தேன். கணவருக்குப் போன் எடுத்து, "பிள்ளையின் நன்மைக்குத்தானே, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கோ" என்றேன். வந்தார். வெள்ளைச் சேட்டு, மேல் பொத்தான் வரை பூட்டி, மரியாதையாக இருந்தார். படிவத்தை முன்னால் வைத்தேன். பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார். "தாபரிப்பு வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லுங்கோ மிஸ், இப்பவே போட்டுத் தாறன்." பக்கத்தில் இருந்த தாயின் கை மேசைக்கு அடியில் போய்விட்டது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து விழவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் அவருக்குத் தெரியாத மூன்று விடயங்களை நான் தெரியப்படுத்தியிருந்தேன்: இந்தியா, ஏப்ரல் விடுமுறை, அக்கா. அடுத்த கிழமை பள்ளிக்கூட வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். "பிள்ளையை இந்தியாவுக்குக் கடத்தப் பாக்கினம்" என்று முறைப்பாடும் போட்டார். பிள்ளை வகுப்புக்குப் போகமாட்டேன் என்று பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஏப்ரல் பயணம் அதோடு சரி.

பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்க வைத்த விதி நல்ல விதிதான். ஆனால் அடித்தவனிடம் போய் அந்தக் கையெழுத்தைக் கேட்கும்போது, வீட்டைவிட்டு வந்த பிறகும் அறுபடாமல் இருக்கும் கடைசிக் கயிற்றை நாங்களே அவன் கையில் கொடுக்கிறோம். இப்போது என்னிடம் யார் வந்தாலும், பயணம் என்ற பேச்சு இல்லாவிட்டாலும், பிள்ளையின் பொறுப்பைக் கேட்கும் முதல் மனுவிலேயே கடவுச்சீட்டு எடுக்கவும் வெளிநாடு கூட்டிச் செல்லவும் அனுமதி கேட்கச் சொல்கிறேன். கணவரை அலுவலகத்துக்குக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன்.

போட்டில் போகும் யோசனை

இடையில் ஒரு நாள் பின்னேரம் தாய் வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். தெரிந்த ஒருவர் மன்னார்ப் பக்கம் போட்டுக்காரரைப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 2022 பங்குனி தொடக்கம் நெருக்கடி தாங்காமல் தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய குடும்பங்களின் கதை வன்னியில் எல்லாருக்கும் தெரியும். "அவையள் போகேல்லையோ மிஸ்? ஒரு கையெழுத்தும் கேக்கேல்லை."

கடல் ஆபத்தைப் பற்றி நான் பேசவில்லை. யுத்தத்துக்குள்ளால் வந்த ஆளுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டேன். கள்ளமாகப் போனவர் பன்னிரண்டாம் நாள் எப்படி வருவார்? மண்டபம் அகதி முகாமில் பதிந்தால் அது விடுமுறை இல்லை. போனதும் கணவர் சொன்ன "கடத்தல்" உண்மையாகிவிடும், பிறகு பிள்ளையின் பொறுப்பைக் கேட்டு எந்த நீதிமன்றத்தில் நிற்பது? நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குத் திரும்பி வரத்தான் மிஸ் விருப்பம். வீடு இஞ்சதானே." பிறகு நீதிமன்றத்தில் அவருடைய வழக்கே இந்த ஒரு வசனத்தில்தான் நின்றது.

நீதிமன்றத்தில்

2024 வைகாசியில் இரண்டு வேலை நடந்தன. பள்ளிக்கூட வாசல் சம்பவத்தை வைத்து நீதவான் நீதிமன்றத்தில் புதிய பாதுகாப்புக் கட்டளை கேட்டோம், கிடைத்தது. அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அதே மாதம் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கைத் தாக்கல் செய்து, அது முடியும்வரை பிள்ளையின் பொறுப்பைத் தாயிடம் தரும்படி இடைக்கால மனுவும் போட்டோம்.

எங்கள் பொது விவாகச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்று காரணம்தான்: சோரம், வன்மமாகக் கைவிட்டுப் போதல், திருமண நேரத்தில் இருந்த மாற்ற முடியாத ஆண்மைக் குறைபாடு. அடி உதை தனிக் காரணம் இல்லை. ஆகவே, வீட்டை வாழ முடியாத இடமாக்கியதால் கைவிட்டவர் கணவர்தான் என்று சட்டத்தரணி எழுதினார். வாசித்துக் காட்டியபோது தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தானே மிஸ் விட்டிட்டு வந்தனான்?" அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். அடித்தாரா இல்லையா என்பதற்குள் போகாமல் நேரே பயணத்தில் கை வைத்தார். பிள்ளைகளைச் சர்வதேச ரீதியாகக் கடத்துவது பற்றி 1980 இல் வந்த ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது, அதற்காக 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. தாய் அங்கேயே நின்றுவிட்டால் அந்த வழியால் பிள்ளையைத் திருப்பி எடுக்க முடியாது. வன்னியிலிருந்து போட்டில் போன குடும்பங்களையும் சொல்லி முடித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

நாங்கள் "வரமாட்டார் என்பது பொய்" என்று வாதாடவில்லை, வருவார் என்பதைக் காட்டும் கடதாசிகளைச் சேர்த்தோம். தொழிற்சாலையின் லீவுக் கடிதம், திரும்ப வேலைக்கு வரும் திகதியோடு. பிள்ளை விடுகைப் பத்திரம் எடுக்கவில்லை, பயணம் நடக்கும் 2025 இல் தரம் 5 என்பதால் புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும் என்று அதிபரின் கடிதம். காணி பெர்மிற். வீட்டுத்திட்ட வீட்டின் படம். அக்காவின் சத்தியக்கடதாசி. திரும்பி வந்து ஏழு நாளுக்குள் பிள்ளையின் கடவுச்சீட்டை நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைப்பதாகத் தாயின் உறுதிமொழி. அதோடு ஒரு கறவை மாடு, இரண்டு கன்று. சட்டத்தரணி வேண்டாம் என்றும் கேட்காமல் தாய் எழுதுவித்தது. நீதிபதி கேட்டது அதைத்தான்: "நீங்கள் போனால் மாட்டை யார் பார்ப்பது?"

"அம்மா நிப்பா ஐயா."

அந்தப் பதில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் திட்டத்தில் பாட்டியும் போவதாக இருந்தது. மூத்த மகளைக் காண வேண்டும் என்று அதிகம் துடித்தவர் அவர்தான். மூவரும் போனால் "குடும்பமே வெளிக்கிட்டுட்டுது" என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பதை விளங்கிக்கொண்டு, ஒருவரும் கேட்காமலே தன்னுடைய பாஸ்போட் படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். தங்கள் வருகைக்குச் சாட்சியாக அந்தக் கிழவியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் இவர்கள் போனார்கள். கட்டளையில் இது எங்கும் எழுதப்படவில்லை.

2024 கார்த்திகையில் கட்டளை வந்தது. பொறுப்பு இடைக்காலமாகத் தாயிடம். தகப்பன் மாதம் இரண்டு தடவை நன்னடத்தை அலுவலர் முன்னிலையில் பிள்ளையைப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் விடுமுறையில் 14 நாளுக்கு மேற்படாமல் இந்தியா போகலாம். தங்கும் விலாசத்தை நீதிமன்றத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், எதிராளிக்குப் போகும் திகதியும் வரும் திகதியும் போதும். இந்தக் கடைசி வரிக்காகச் சட்டத்தரணி இரண்டு தவணை வாதாடினார். பயண அனுமதியோடு இதையும் கேட்காவிட்டால், கட்டளையே அடித்தவனுக்கு வழிகாட்டும் பலகையாகிவிடும்.

அதற்குள் நாட்டில் வெற்றுப் பாஸ்போட் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு. வவுனியா அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்து மாசியில் கையில் கிடைத்தது.

வெளிக்கிட முதல்

கொழும்பால் போவதென்றால் ஏ9 வீதி, இரவு பஸ். அந்த வீதியில் கணவருக்குத் தெரியாத சாரதி இல்லை. நல்லகாலம், 2025 பங்குனி 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் தொடங்கியது. ஆனையிறவைத் தாண்டி வடக்கே போனால் போதும்.

போனைப் பார்த்தபோது ஒரு விடயம் பிடிபட்டது. பிள்ளை படிக்கப் பாவித்த பழைய போனில் தகப்பன் முன்பு போட்டுக் கொடுத்த கூகுள் கணக்கே இன்னும் இருந்தது. நிற்கும் இடம், எடுக்கும் படம் எல்லாம் அந்தக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. மூன்று வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. கடைப் பெடியனிடம் கொடுக்காமல், என் மேசையில் வைத்தே கணக்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதில் எனக்கும் தாய்க்கும் கருத்து வேறு. நான் ஒரு கிழமைக்கு முதல் என்றேன். தாய் முதல் நாள் இரவு என்றார். வகுப்பில் கூட இருக்கும் பிள்ளையின் மாமன் கணவரின் கூட்டாளி. தாய் சொன்னதுதான் சரி.

திருச்சியில்

விமான நிலையத்தில் கட்டளையின் பிரதியை இரண்டு தரம் வாசித்தார்கள், ஒரு கேள்வி கேட்டார்கள், விட்டுவிட்டார்கள். உறுதிப்படுத்திய பிரதி மூன்றைக் கையில் கொடுத்துவிட்டிருந்தேன், ஒன்று போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் பிழைத்தது. அக்காவின் கணவர் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் மலைக்கோட்டைப் படியில் எல்லாரும் நிற்கும் படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் ஊரில் ஒரு சித்தப்பாவின் போனுக்குக் குரல் பதிவு: "மலைக்கோட்டை வடிவோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ." மிரட்டல் என்று சொல்லக்கூடிய ஒரு சொல்லும் அதில் இல்லை. அதைக் கேட்டதும் தாய் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியில் வரவில்லை. பதிவை அழிக்க வேண்டாம், திகதியோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ என்றேன். பிறகு அது நீதவான் முன் போனது. இங்கிருக்கும் ஆட்களுக்கு எல்லாம் சொல்லி வைத்திருந்த நான், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

பிள்ளைக்கு ரிப்பரின் காற்று ஹோர்ன் கேட்டால் உடம்பு விறைக்கும், இரண்டு காதையும் பொத்துவாள். திருச்சியில் வாகனமெல்லாம் ஹோர்ன் அடித்தபடியேதான் ஓடும். முதல் நாள் சத்திரம் பஸ் நிலையத்தில் தாயின் இடுப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாளாம். ஐந்தாம் நாள், பெரியம்மாவின் மகனோடு ஜன்னலில் இருந்து, சத்தத்தை வைத்து "இது பஸ், இது லொறி" என்று பந்தயம் பிடித்தாள். எந்த ஆற்றுப்படுத்தலிலும் நான் செய்ய முடியாமல் போன வேலை. இதற்கு எந்தக் கோட்பாட்டையும் நான் காட்டப்போவதில்லை.

எட்டாம் நாள் இரவு பத்து மணிக்கு எனக்கு அழைப்பு. பயந்து எடுத்தேன். "மிஸ், பிள்ளை அப்பாக்கு ஒரு சேட்டு வாங்கோணும் எண்டு நிக்கிறாள். வாங்கிறதோ?" பின்னால் பிள்ளையின் குரல், "நீலம்" என்று. வாங்குங்கோ என்றேன். "அக்கா வேண்டாமெண்டு ஏசுறா." அக்கா ஏசட்டும் என்றேன்.

பாட்டியோடு தினமும் பின்னேரம் வீடியோவில் கதைத்தார்கள். மூத்த மகள் அழுவதைக் காணப் பொறுக்காமல் பாட்டி போனை மாட்டுப் பக்கம் திருப்பிவிடுவார். அக்காவின் பிள்ளைகளுக்கு அம்மம்மா என்றால் அந்தப் பசுவின் முகமும் சேர்ந்துதான் ஞாபகம் வருமாம்.

வந்த பிறகு

பன்னிரண்டாம் நாள் பலாலியில் இறங்கினார்கள். நான்காம் நாளே பாஸ்போட்டைப் பதிவாளரிடம் கொடுத்தாகிவிட்டது. நீலச் சேட்டு நன்னடத்தை அலுவலரின் அறையில் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், மடிப்பைப் பிரிக்காமல் கொண்டுபோனாராம். விவாகரத்து வழக்கு இன்னும் நடக்கிறது.

வைகாசியில் கணவரின் சட்டத்தரணியிடமிருந்து ஒரு கடிதம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தாயின் சம்மதம் வேண்டும். தாய் அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். சம்மதம் தருபவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு போட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"பொங்கலுக்குப் பிள்ளை ஆசைப்படுறாள் மிஸ். ஆனா இரவு நிக்கேலாது. அவற்ர தாயும் கூடப் போகோணும், பொழுதுபட முன்னம் கொண்டுவந்து விடோணும். அதைக் கோட்டில எழுதித் தரட்டும், நான் போடுறன்."

சட்டத்தரணிக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன்.